தருவைகுளத்து மிஸ்டு கால்கள்

எனக்குத் தொலைக்காட்சி பார்க்கும் வழக்கம் கிடையாது. நாசரேத்தில் எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. அம்மா அதன்மேல் பூப்போட்ட துணி விரித்து மூடி வைத்திருக்கிறார். உமாராணி மேடம், நடந்ததை ஒளிக்காமல் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். நீங்கள் இன்ஸ்பெக்டர், தொழில்நுட்பம் உங்களுக்குப் பிடிபடாமல் போகலாம். அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் பெயர் செல்வின். தூத்துக்குடியில் ஒரு சிறிய தொலைத்தொடர்பு நிறுவனத்தில் பொறியாளர். இணையத் தொலைக்காட்சி, வீட்டுப் போன், கைபேசி இவற்றையெல்லாம் ஒரே இணைப்பில் கோத்துக் கொடுப்பது என் வேலை. வீட்டுக்கு ஒரே எண். யாராவது அழைத்தால் எல்லாவற்றிலும் சேர்ந்து பெல் அடிக்கும், டி.வி. திரையின் ஓரத்தில் அழைப்பவர் பெயர் வரும். இந்த ஏற்பாட்டைப் பெரிய நிறுவனம் ஒன்றின் தலையில் கட்ட எங்கள் முதலாளி இரண்டு வருடமாகத் தவம் கிடந்தார். தவம்தான் அவருடையது, மூளை என்னுடையது.

சோதனை ஓட்டத்துக்குத் தருவைகுளத்தைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. அங்கே ஓடினால் எங்கேயும் ஓடும் என்றார். அவர் சொன்னதில் நான் மறுக்காத ஒரே விஷயம் அதுதான். மாதிரி வீடாக டிக்சனின் வீட்டை எடுத்தோம். டிக்சன் சின்ன பைபர் படகில் நண்டுவலைக்குப் போகிறவன். அவன் மனைவி ஜெமிமா நல்ல மாதிரி. எதைச் சொன்னாலும் "சரி தம்பி" என்பாள்.

முதல் வாரத்திலேயே இவர்கள் லட்சணம் தெரிந்துவிட்டது. டிக்சன் கடலிலிருந்து போனில் பேசமாட்டான். இரண்டு பெல் அடிக்கவிட்டு வெட்டிவிடுவான். கரைக்கு வருகிறேன், ஐஸ் பெட்டியோடு வா என்று அர்த்தமாம். மூன்று பெல் அடித்து வெட்டினால் ஆபத்து, வேறு படகை அனுப்பு. காற்று இரைச்சலில் பேச்சு கேட்காது, ஊரே இப்படித்தான் என்று ஜெமிமாதான் சிரித்துக்கொண்டே எனக்கு விளக்கினாள். உலகத்தையே கூடத்தில் கொண்டுவந்து இறக்கும் கண்ணாடி இழையை வாசல்வரை இழுத்துக் கொடுத்தால், இவர்கள் அதில் மிஸ்டு கால் கொடுக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

பெரிய நிறுவனத்தின் அதிகாரி ஷெர்லி முதல் தடவை பார்க்க வந்த அன்று, நல்ல படம் ஓடிக்கொண்டிருந்தபோது திரையில் 'டிக்சன்' என்று வந்து உடனே மறைந்தது. பழுதா என்று ஷெர்லி கேட்டார். பழுதில்லை மேடம், பழக்கம் என்று விளக்கினேன். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நான் மறக்கவில்லை.

அன்று மாலையே அமைப்பில் ஒரு விதி சேர்த்தேன். நான்காவது பெல் வரை எதிலும் சத்தம் வராது, திரையில் பெயரும் வராது. அதற்குள் வெட்டினால் அது தொல்லை அழைப்பு. ஒரே எண் திரும்பத் திரும்ப அப்படிச் செய்தால், அதன் பிறகு வரும் எந்த அழைப்பும் என் மடிக்கணினியில் அனுமதி கேட்டு நிற்கும். அழைப்பவனுக்கு மட்டும் வழக்கம்போல பெல் போவது கேட்கும். ஜெமிமாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் விளங்கியிருக்காது.

மறுநாள் காலை ஷெர்லி இறுதிப் பார்வைக்கு வந்தார். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. கூட்டாள் வராததால் டிக்சன் தனியாகப் போயிருந்தான். ஜெமிமா எல்லோருக்கும் கலர் சோடா உடைத்துக் கொடுத்தாள். நான் சுவரோரம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். பதினொன்று இருபதுக்கு அதில் டிக்சனின் எண் வந்தது. மூன்று பெல், வெட்டு. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி மூன்று. அப்புறம் இன்னொரு தடவை. டி.வி.யில் படம் துளிகூட அசையவில்லை. ஷெர்லி பரவாயில்லையே என்பதுபோல் தலையை ஆட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைப்பானேன்.

மூன்று பெல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் எங்கும் சொல்லவில்லை. உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவன் இப்படி எண்ணி எண்ணி வெட்டிக்கொண்டிருப்பானா, விடாமல் அடிக்கமாட்டானா என்றுதான் விசாரணையின் முதல் நாள் உங்களிடம் கேட்டேன். நீங்கள் அழைப்புப் பதிவை நீட்டி, கீழே இன்னொரு வரி இருக்கிறதே என்றீர்கள். இருக்கிறது.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு அவன் விடாமல் அடித்தான். ஐந்து பெல், பத்து பெல் என்று போய்க்கொண்டே இருந்தது. அனுமதிக்கவா, நிராகரிக்கவா என்று என் மடியிலிருந்த கணினி கேட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் ஜெமிமா என் பக்கம் குனிந்தாள்.

"ஏந் தம்பி, போனு நல்லாத்தான இருக்கு? அவுககிட்டருந்து இந்நேரம் ரெண்டு பெல்லு வந்திருக்கணும்லா."

ஷெர்லி பேனாவைத் திறந்திருந்தார். ஒப்பந்தக் கையெழுத்துக்கு இன்னும் அரை நிமிடம். அனுமதித்தால் வீட்டில் இருப்பதெல்லாம் ஒன்றாக அலறும், படத்தின்மேல் மறுபடியும் அந்தப் பெயர் வரும்.

"ஒண்ணும் வரலக்கா. வந்தா டி.வி.யிலயே காட்டும்" என்றேன். சொல்லிக்கொண்டே நிராகரித்தேன். அதன் பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பு இல்லை.

வலைக்கயிறு இன்ஜின் காத்தாடியில் சுற்றிப் படகு கவிழ்ந்தது என்கிறார்கள். ஊர்ப் படகுகள் தேடிப் போனபோது மாலையாகிவிட்டது. மூன்றாம் நாள் கீழவைப்பார் கரையில் உடல் ஒதுங்கியது. அந்த நேரத்தில் கரையில் படகுகள் சும்மா கிடந்தன, சொல்லியிருந்தால் உடனே போயிருப்பார்கள் என்கிறீர்கள். உண்மைதான். வரும்போது நானே அவற்றைப் பார்த்தேன்.

ஜெமிமாவை நான் ஏமாற்றிவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவள் கையிலும் ஒரு போன் இருந்தது. அவளே அவனை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். நான் சொன்னதைக் கேட்டு, "அப்பம் சரி தம்பி" என்று போய் டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டாள். என்னை நம்பியது அவள் தவறு.