யாத்திக்குச் சாத்தே

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்ன ஒரு வார்த்தையில் என் காது அங்கே போய்விட்டது.

“எங்க வீட்டு மெய்டை இன்னைக்குக் கிச்சன் பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

“ஏன்க்கா, என்ன செஞ்சா?”

“அவ ஒண்ணும் செய்யல. நாளைக்கு யாத்தி இந்தோனேசியாவுக்கே திரும்பிப் போறா லா. குச்சில கறியக் குத்திச் சுடுற அவங்க ஊரு சாத்தேய நானே செஞ்சு குடுக்கலாம்னுதான். மல்லி, பூண்டு, இனிப்பு சோயா சாஸ் எல்லாம் கலந்து வச்சாச்சு. குச்சியும் தண்ணில ஊறுது.”

“குச்சிய எதுக்குக்கா ஊற வைக்கணும்?”

“இல்லன்னா கறி வேகறதுக்குள்ள குச்சி எரிஞ்சிடுமாம். எல்லாம் யாத்திதான் கிச்சன் வாசல்ல நின்னுக்கிட்டே சொல்றா.”

“அப்ப அவளே சமைச்ச மாதிரிதான்.”

“சாப்பிடறதாவது எங்களோட உக்காந்து சாப்பிடுன்னு சொல்லிட்டேன்.”

“சந்தோஷப்பட்டிருப்பாளே.”

வரிசை நகர்ந்தது. மூத்தவர் கூடையைக் கை மாற்றிக்கொண்டார்.

“பத்து வருஷத்துக்கு மேல எங்க வீட்ல இருக்கா. எந்த நாற்காலில உக்காரணும்னு கேக்குறா.”