சாமி முன்னால் வைத்த ஆயுதம்

மலாயாவில் ஜப்பான்காரர் ஆண்ட காலத்தில் ஒருநாள், பாடாங் செராயில் அரிசி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு ரப்பர் தோட்டத்துப் பெண்கள்.

"என் வீட்டுக்காரரு உயிரு ஒரு வார்த்தையில தொங்குச்சுக்கா," என்றாள் இளையவள். "சோதனை போட ஜப்பான்காரன் வந்தான். வீட்டுல என்ன இருக்குன்னு பேச்ச மாத்திச் சொல்லக் கூட வந்த ஆபீஸ் கிராணி தமிழ்ல கேட்டாரு. இவரு, 'ஆயுதந்தாங்க, சாமி முன்னால இருக்கு'ன்னுட்டாரு."

"அடப்பாவி! பால் வெட்டுற உளியவா?"

"ஆமா. ஆயுத பூசைக்குக் கழுவி வெச்சது."

"கிராணி அப்படியே சொல்லிட்டாரா?"

"இல்லக்கா. மலாய்ல 'பெர்காகாஸ்'னாரு, வேலை சாமான்னு. ஜப்பான்காரன் உளியப் பாத்துட்டுப் போயிட்டான்."

"தெய்வம் லா அந்த மனுசன்!"

"போறப்ப கிராணி இவரு காதுல சொன்னாரு, ஆயுதமும் யுத்தமும் ஒரே வேர்ல முளைச்ச வார்த்தையாம். சண்டைக்குப் பொறந்த பேர நாம உளிக்கு வெச்சிருக்கோமாம்."

மூத்தவள், "அதுக்குப் பொட்டு வேற வெச்சோமேடி," என்றாள்.

வீட்டுக்குப் போனதும் என் பிள்ளைகள் மூவரையும் அழைத்தேன். "பூசையில் என்னவெல்லாம் வைத்தோம்?" என்று கேட்டேன்.

மூவரும் ஒரே குரலில் உரக்கச் சொன்னார்கள்: "ஆயுதம்!"

ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன்.