வெட்டிய ஏழு விநாடி

இந்த விசாரணை அறையின் மின்விசிறி நாலு சுற்றுக்கு ஒருமுறை முனகுகிறது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். நீங்கள் இங்கேயே உட்கார்ந்து பழகியவர், உங்கள் காதில் விழுந்திருக்காது மேடம். குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், என் பிழைப்பு அப்படி.

அந்தப் பிழைப்பை எழுதிக்கொள்ள உங்கள் எழுத்தர் திணறினார். ஒலிநடை என்று போடச் சொன்னேன். நீங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு தெருமுனையில் நிற்கிறீர்கள். "வலது பக்கம் திரும்புங்க. அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னாடிதான் அச்சகம் இருந்துச்சு" என்று ஒரு குரல் சொல்கிறது. உடனே அச்சு இயந்திரம் ஓடும் சத்தம், அந்தக் கதவிலிருந்தே வருவதுபோல் கேட்கிறது. யாரோ பின்னாலிருந்து நடந்து வந்து உங்களைத் தாண்டிப் போகிறார்கள். திரும்பினால் ஆளில்லை. முதல் நாள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பழகிவிட்டால் உண்மையிலேயே ஹாரன் அடித்தாலும் திரும்ப மாட்டார்கள், அதுவும் கதையில் வருவதுதான் என்று சிரித்துக்கொண்டே போவார்கள். அதனால் எங்களுக்கு ஒரு விதி உண்டு. சாலையைக் கடக்கும் இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, "ஒரு காதைத் திறங்க" என்று சொல்ல வேண்டும். ஹெட்போனை ஒரு பக்கம் நகர்த்தி, உண்மையான தெருவைக் கேட்க வேண்டும். நான் இருபத்தோரு நடைகள் செய்திருக்கிறேன். ஒன்றில்கூட அதை விட்டதில்லை.

நீங்கள் கேட்பது இருபத்திரண்டாவது நடையைப் பற்றி. அதைச் செய்தவள் என் மகள்.

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். பள்ளிப் பதிவேட்டில் வேறு ஒன்று இருந்தது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பக்கூட மாட்டாள். ஒன்பது வயதில் ஒரு நாள் என் மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். "உன் நடையெல்லாம் ஒரே அறுவைப்பா. செத்துப்போனவங்க கதையாவே சொல்ற. நான் பண்றேன் பாரு."

எங்கள் வாசலிலிருந்து அவள் பள்ளிக்கூடம் வரை பதினெட்டு நிமிடம். கேட்க வேண்டியவள் அவள் அம்மா மட்டும்தான். என் மனைவி எலும்பு முறிவு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். விழுந்தவர்களை எழுப்பி மறுபடி நடக்கப் பழக்குகிற வேலை. பொழுது விடிந்ததும் கிளம்பிவிடுவாள், மகளை ஒரு நாளும் பள்ளிக்குக் கூட்டிப்போனதில்லை. அந்தக் குறையைத் தீர்த்துவைக்க வாலு எடுத்த முயற்சி அது. "அம்மா, இந்த நாய் சும்மா குலைக்கும், கண்டுக்காத. இங்கதான் நான் விழுந்து பல்லு போச்சு. உன்கிட்ட மாடிப்படின்னு பொய் சொன்னேன்." இப்படியே போகும்.

வழியில் ஒரு கற்கிடங்கின் மதிலுக்கும் ஒரு பழைய சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அது நேரே லாரிச் சாலையில் போய் முட்டும். சாலையில் கால் வைக்கும்வரை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் வாலு சொல்வாள்: "அம்மா, நில்லு. ஒரு காதைத் தொற. லாரி வருதான்னு கேளு. ம், இப்ப வா." மொத்தம் ஏழு விநாடி. என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. நாலே நாள். போய்விட்டாள். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

பிறகு என் மனைவி தினமும் அந்த நடையை நடந்தாள். வேலைக்குப் போகவில்லை. காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசல்வரை போவாள், திரும்பி வந்து சுவரோரம் உட்காருவாள், நானும் பக்கத்தில் உட்காருவேன். பதினான்கு மாதம். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது நரகமாகத் தெரிந்திருக்கும். எங்களுக்குள் ஒரு சண்டைகூட வந்ததில்லை. அந்தச் சந்து முனையில் அவள் நிற்பதைப் பலமுறை பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். சாலையைப் பார்த்து நிற்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். மகள் சொன்னால் நிற்பாள், மகள் வா என்றால் போவாள்.

போன மாதம் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினாள். சரி, வீட்டிலேயே அடைந்து கிடக்க முடியுமா என்று நானும் சும்மா இருந்தேன். ஒரு மாலை அடுத்த அறையில் கூட வேலை செய்பவளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "நடங்க தாத்தான்னா, டாக்சி பிடிச்சுக் குடும்மா, நடந்து காட்டறேன்னு சொல்றாருடி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பதினோரு விநாடி. நான் வேண்டுமென்று எண்ணவில்லை, என் காது தானாக எண்ணிவிடும். சுவரின் இந்தப் பக்கம் நான் வாலுவின் இருமலைத் துடைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ஒரு பழைய பதிவில் அவள் இருமல் இருந்தது.

மறுநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, நாளைக்குக் கடைசியா ஒரு தடவை நடந்துட்டு நிறுத்திக்கறேன். நீங்களும் இதையெல்லாம் கொஞ்சம் மூடி வைங்க. நாம உயிரோடதானே இருக்கோம்."

நான் சரி என்றேன். கோபப்படவில்லை. அவளுக்காக என் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது, அவ்வளவுதான். வாலு இல்லாமல் இவள் எப்படி இருப்பாள் என்று நினைத்தேன். மகளை மறந்துவிட்டு ஒரு தாய் சிரித்துக்கொண்டு நடமாடுவது, அவளே பின்னால் தன்னை மன்னித்துக்கொள்ள முடியாத காரியம். அந்த நிலைமை அவளுக்கு வரக்கூடாது. இரண்டு பேரையும் சேர்த்து வைக்க என்னிடம் இருந்தது ஒரே வழி.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஏழு விநாடியை வெட்டினேன். அந்த இடத்தில் விடுமுறை நாளில் பதிவு செய்த ஆளரவமற்ற தெருவைப் போட்டேன். அதன்மேல், பூங்காவில் வாலு விளையாடியபோது பதிந்த ஒரு குரலை வைத்தேன். "அம்மா, ஓடி வா." மூச்சுச் சத்தம் பொருந்தவில்லை, அதைச் சரிசெய்யத்தான் நேரமாயிற்று. கடைசி நடைக்கு என்று என் மனைவிக்குப் புது ஹெட்போன் கொடுத்தேன். வெளிச்சத்தம் துளியும் உள்ளே போகாது. "எதுக்குங்க இவ்ளோ செலவு" என்று கேட்டுக்கொண்டே என் கன்னத்தைத் தட்டினாள். கிடங்கு லாரிகள் எட்டே முக்காலுக்கு வரிசையாகக் கிளம்பும். அவளை எட்டரைக்கு அனுப்பினேன். அவள் நடையின் வேகம் எனக்குத் தெரியும்.

அந்த லாரி ஓட்டுநரை விட்டுவிடுங்கள். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. மூன்று முறை ஹாரன் அடித்திருக்கிறார், பிரேக் போட்டிருக்கிறார், இறங்கி வந்து அழுதிருக்கிறார். எல்லாம் பதிவில் இருக்கிறது. செய்தது நான். தெரிந்து, திட்டம் போட்டுச் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

பதிவு எப்படி வந்தது என்று கேட்டீர்கள். அந்த ஹெட்போனின் வெளிப்பக்கம் இரண்டு சிறிய மைக்குகள் உண்டு. அவற்றை ஓட விட்டிருந்தேன். அவள் கடைசியாக நடக்கும் ஓசை எனக்கு வேண்டியிருந்தது. இனி நான் தனியாக இருக்கப்போகிறவன் இல்லையா. சந்து முனையில் வாலு ஓடி வா என்கிறாள், அது என் மனைவியின் காதுக்குள் மட்டும். வெளியே பதிவானது அவள் சொன்ன பதில். நீங்கள் அதை எனக்கு மூன்று முறை போட்டுக் காட்டிவிட்டீர்கள்.

நான் இங்கே வந்து சேர்ந்த அன்றே அந்தப் பதிலை எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் சொன்னது, "வரேண்டி கண்ணு." மகளிடம் போகத் தயாராக இருந்தவள் சொன்ன வார்த்தை அது. நான் அவளுக்குக் கெடுதல் செய்யவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

உங்கள் எழுத்தர் வேறு மாதிரி எழுதி வைத்திருக்கிறார். "வரலடி கண்ணு. அப்பா பாவம், தனியா இருப்பாரு." அவர் நல்ல மனிதர், ஆனால் பழக்கமில்லாத காது. முதல் வார்த்தையின் மேலேயே ஹாரன் ஏறிக்கிடக்கிறது, அடுத்து வருவது வெறும் காற்று. அதில் யாருக்கு எது வேண்டுமோ அது கேட்கும்.

என் கருவிகள் உங்களிடம்தான் இருக்கின்றன, தெரியும். அந்த ஹாரனை அகற்றிவிட்டு அவள் குரலை மட்டும் எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும் மேடம். இரண்டு நிமிட வேலை. தயவுசெய்து அவற்றை இந்த அறைக்குள் கொண்டுவர வேண்டாம்.