கல்யாணக் காரில் சிவப்பு விளக்கு

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், காற்றாடி எல்லாருக்கும் எட்டட்டும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கல்யாணக் கதை வைத்திருக்கிறேன். பெண்ணும் பேச மாட்டாள், மாப்பிள்ளையும் பேச மாட்டான். பேசுவதெல்லாம் மாமியார் ஒருத்திதான், அதுவும் கைபேசியில். எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்று உங்கள் காதில் விழாது. விழாவிட்டால் என்ன? அந்த மாமியார் ஐனபாத் பேசுவதைக் கேட்டால் போதும், பாதிப் பாலைவனத்துக்குக் கேட்கிற குரல் அவளுக்கு.

கராகும் பாலைவன மணலின் ஓரத்தில், கால்வாய்த் தண்ணீரை நம்பியிருக்கிற ஊர் அவளுடையது. மகன் கெரிமுக்கு அன்று கல்யாணம். மணலுக்குள்ளே, ஆட்டுக்காரர்களின் கிணற்றடிக் குடியிருப்பில் பிறந்தவள் பெண், பேர் லாலே. அவளை அழைத்து வர விடியற்காலையிலேயே கார்கள் கிளம்பிவிட்டன. பெண் ஏறுகிற கார், ஐனபாத்தின் கொழுந்தன் அஷிருடைய வெள்ளை டாக்ஸி. தான் மணப்பெண்ணாக வந்தபோது நெய்து கொண்டுவந்த சிவப்புக் கம்பளத்தை எடுத்து, அந்தக் காரின் முகத்தில் தன் கையாலேயே இறுக்கிக் கட்டினாள் ஐனபாத். கட்டிவிட்டு எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொன்னாள்: "பொண்ணு கார் வழியில நிக்கக் கூடாது. நம்ம வாசல்ல வந்து இறங்குறவரைக்கும் அவ கால் மண்ணுல படக் கூடாது."

எல்லாக் கல்யாணத்திலும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அவளுக்கு அதில் ஒரு காயம் இருந்தது. அவளை ஏற்றி வந்த லாரி அந்தக் காலத்தில் வழியில் நின்றுபோனது. அதற்குப் பிறகு ஆடு செத்தாலும், பால் திரிந்தாலும், மாமியார் அவளை "வழியில நின்னவ" என்றே சொன்னாள். கண்ணை மூடுகிறவரை சொன்னாள்.

உச்சி வெயில். முற்றத்தில் பெரிய கொப்பரையில் பலாவ் கொதிக்கிறது. கையில் கரண்டியோடு நிற்கிறாள் ஐனபாத். மடியில் கைபேசி அடிக்கிறது.

"அலோ… அலோ! யாரு, அஷிரா? சத்தமாப் பேசு, இங்க பாட்டுக்காரன் ஒலிபெருக்கிய வெச்சு… ஏ, அதக் கொஞ்சம் நிறுத்துங்கப்பா!… ம், இப்ப சொல்லு. எங்க வந்திருக்கீங்க?… செல் கோபுரம் தாண்டியாச்சா? நல்லது, நல்லது… ஆமா, ஆமா, அரிசி போட்டாச்சு… ஆமாப்பா, கறி வெந்துடுச்சு… என்னது? லேட்டாகுமா? ஏன் லேட்டாகும்?"

கரண்டி நின்றது.

"மெதுவா ஓட்டுறியா? யாரு, நீயா?… என் ரொட்டிக் கூடையெல்லாம் கவுத்துப் போட்டு சந்தைக்குப் பறக்கிற ஆளு… அப்படியா, புதுப்பொண்ணு இருக்கான்னு மரியாதையா… சரி, சரி… இரு. அது என்ன சத்தம்?… இல்ல, இங்க பாட்டு நின்னுடுச்சு. உன் பக்கந்தான். டக்கு டக்குன்னு… கல்லு அடிக்குதா? கல்லு இப்படித் தாளம் போடுமா, அஷிர்?… தம்பி, என்கிட்டயே கதை விடாத. போன கோடையில உன் பழைய கார் இதே தாளம் போட்டுத்தான் செத்துச்சு. உள்ள முலாம்பழத்த மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தவ நான். மறந்துட்டியா?… சொல்லு. சிவப்பு விளக்கு எரியுதா?"

அவள் முகத்தில் வியர்வை வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"…அஷிர். எரியுதா இல்லையா?… மினுக்குனுச்சு, அணைஞ்சுடுச்சா. அப்ப அந்தத் தாளம்? அதுவும் அணைஞ்சுடுச்சா?… எஞ்சின் எண்ணெய் எப்ப மாத்துன?… அதக் கேக்கல. எப்ப மாத்துன?… நவ்ரூஸுக்கா! வசந்தப் பண்டிகை போயி வெயில் ஏறி, பருத்தி தலைக்கு மேல வளந்துடுச்சு! ரொட்டி மேல கைய வெச்சு சத்தியம் பண்ணுனியே என் முன்னால… கோடையில அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்துறேன்னு… என்னது? டப்பாவுல பத்தாயிரம்னு போட்டிருக்கா? டப்பாவுல எழுதுனவன் நம்ம மணல்ல ஒரு நாள் ஓட்டிப் பாத்தானா? அவன் ஊர்ல மழை பெய்யும், புல்லு முளைக்கும். இங்க மணலு மாவா அரைஞ்சு மூக்குக்குள்ள போகுது, எஞ்சினுக்குள்ள போகாதா?… ஏழாயிரந்தான் ஆச்சு. ஆமா, மீட்டர்ல ஏழாயிரம். நாலு ஆளு சேர்றவரைக்கும் சந்தை வாசல்ல ஏசியப் போட்டுக்கிட்டு எஞ்சின அணைக்காம உக்காந்திருப்பியே, அந்த ஓட்டம் எந்த மீட்டர்ல ஏறுது?… கத்தாத. நான் கத்தல. இதான் என் குரல்."

முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஐனபாத் கரண்டியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு வேலியோரம் போனாள். குரலை இறக்கினாள்.

"உன் பொண்டாட்டி கோஸெல் பக்கத்துல இருக்காளா? போன அவகிட்ட குடு… கோஸெல், நல்லாயிருக்கியாம்மா. எட்டிப் பாத்துச் சொல்லு, விளக்கு எரியுதா?… எரியலையா. நல்லாப் பாத்தியா?… ஆமா, ஆமா, நீ உன் புருஷன் பக்கந்தான் பேசுவ, எனக்குத் தெரியாதா… சரி, கோவிச்சுக்காத. போனைப் புதுப்பொண்ணு காதுல வை… ஆமா, லாலே காதுலதான்… பேச மாட்டான்னு எனக்கும் தெரியும்டி. வை."

அங்கே புதுப்பெண் புகுந்த வீட்டுப் பெரியவர்கள் முன்னால் பேசக் கூடாது, கண்ணுகளா. தலைத்துணியின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மாதக் கணக்கில் மௌனமாக இருப்பாள். அதிலும் இவள் இன்னும் வாசலே மிதிக்காதவள். தடித்த முக்காட்டுக்குள் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்ணிடம் ஐனபாத் எப்படிப் பேசினாள் கேளுங்கள். அத்தனை நேரம் கத்திய குரலா இது என்று இருந்தது.

"லாலே… கண்ணு, நான் உன் மாமியா. பயப்படாத. நீ ஒண்ணும் பேச வேண்டாம், முறைய மீற வேண்டாம். உன் விரல் இருக்குல்ல, அது போதும். ஆமான்னா போன்ல ஒரு தட்டு. இல்லன்னா ரெண்டு. புரியுதா?…"

காதைக் கைபேசியோடு அழுத்திக்கொண்டாள்.

"…ம். ஒண்ணு. என் தங்கம்! இப்ப முக்காட்ட லேசாத் தூக்கி, முன்னால பாரு. சித்தப்பா கைக்குப் பின்னால சின்னதா ஒரு சிவப்பு விளக்கு, தேத்தண்ணிக் கெட்டில் மாதிரி இருக்கும். எரியுதா?…"

"…ஒண்ணு. விட்டு விட்டு எரியுதா?… ரெண்டு. விடாம எரியுது. காருக்குள்ள காத்து ஜில்லுனு வருதா?… ரெண்டு. அய்யோ, சூடா இருக்கா?… ஒண்ணு. சரி சாமி. சரி. நீ ஒண்ணும் பண்ணல, நீ நல்ல பொண்ணு. போன சித்தப்பாகிட்ட குடு. நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்."

மறுபடி குரல் ஏறியது.

"அஷிர்! நிறுத்து காரை!… விளக்கு எரியலன்னு எந்த வாயால சொன்ன?… யாரு சொன்னாங்களா? யாரோ சொன்னாங்க. நிறுத்து!… என்ன? நான்தானா? ஆமா, நான்தான் காலையில சொன்னேன். நிக்கக் கூடாதுன்னு ஊர் முன்னாடி நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன், நிறுத்து!… இன்னும் கொஞ்ச தூரமா? அந்தக் கொஞ்ச தூரத்துல எஞ்சின் இறுகிப் போனா? நீ உம் புள்ளைங்களுக்கு எத வெச்சு சோறு போடுவ? இந்த வெயில்ல பொண்ணு அந்தத் தகரத்துக்குள்ள வெந்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?… எஞ்சின் ஏன் இப்படிக் கொதிக்குது? தண்ணி பாத்தியா… பாத்தியா, சரி… ஜில்லுனு காத்து ஏன் வரல? எஞ்சினுக்குக் காத்து போற முன்னாடி வலைய எதாவது அடைச்சி…"

பாதியில் வார்த்தை நின்றது. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"…அஷிர். கம்பளம் எங்க இருக்கு?… முன்னாடிதான். எம்புட்டு கீழ தொங்குது?… வலைய முழுசா மூடியிருக்கா… இல்ல. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் கட்டுனதுதான். அழகா இருக்கட்டும்னு நம்பர் பிளேட் வரைக்கும் இழுத்துக் கட்டுனது நான்தான்… ம்… ம்… ஏன் காலையிலயே சொல்லல?… என்கிட்டச் சொல்லப் பயந்துட்டியா. பயந்துட்டியாக்கும்! மணல் புயலுக்குப் பயப்படாதவன் எனக்குப் பயந்தானாம்… சரி. எண்ணெய் உன் தப்பு, கம்பளம் என் தப்பு. ஆளுக்குப் பாதி. சண்டைய அப்புறம் போட்டுக்கலாம்."

ஆனால் அஷிர் இன்னும் நிறுத்தவில்லை. அந்த டக்கு டக்கு அவள் காதுக்குள் அடித்துக்கொண்டேயிருந்தது. அவன் என்ன சொல்லியிருப்பான் என்று அவள் பதிலிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

"…என்ன சொல்லுவாங்க? ஊரா?… பொண்ண என்ன சொல்லுவாங்களா…"

'வழியில நின்னவ.' அந்தச் சொல் தன் மருமகள் மேல் ஒட்டக் கூடாது என்றுதானே காலையில் அத்தனை சத்தமாகச் சொன்னாள். இப்போது தானே அந்தக் காரை நிறுத்துகிறாள். நிறுத்தாவிட்டால் அது தானாக நிற்கும். அந்தப் பழி லாலே மேல் இன்னும் கெட்டியாக ஒட்டும்.

ஐனபாத் திரும்பினாள். முற்றமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கைபேசியைக் காதிலிருந்து எடுத்து, அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! பொண்ணு காரு இப்ப வழியில நிக்கப் போகுது. அதுவா நிக்கல, அவளாலயும் நிக்கல. நான் நிறுத்தச் சொல்றேன்! பக்கத்து வீட்டுப் பெரியம்மா, நீங்களும் நல்லாக் கேட்டுக்குங்க, நாளைக்கு நீங்கதான் முதல்ல பேசுவீங்க! ஆடு செத்தா என்னச் சொல்லுங்க, பால் திரிஞ்சா என்னச் சொல்லுங்க. எனக்குப் பழக்கம். எம் மருமகள யாராவது ஒரு வார்த்தை சொன்னா, இந்தக் கொப்பரையில இருந்து ஒரு பருக்கை கிடையாது!"

யாரோ ஒருத்தி பின்னால் சிரித்தாள்.

"கேட்டுச்சா, அஷிர்?… அப்ப நிறுத்து. எஞ்சின அணை. முதல்ல கம்பளத்தக் கழட்டு… சூடு, பாத்துக் கழட்டு, கையச் சுட்டுக்காத. பின்னால ஓராஸ் மாமா சீர் லாரியில வர்றாருல்ல, அவர்கிட்ட எண்ணெய் டப்பா இருக்கும்… லாரி எண்ணெய்தான், பரவாயில்ல, ஒண்ணுமில்லாததுக்கு அது மேல். கொஞ்சம் ஆறவிட்டு, அளவுக் குச்சிய விட்டுப் பாத்துட்டு ஊத்து… ஏசி வேண்டாம், மெதுவா வா… பொண்ணு கீழ இறங்கணுமே? உள்ள உக்கார முடியாது… இருக்கு, வழி இருக்கு. கம்பளத்த மணல்ல விரி. லாரி நிழல்ல. அவ கால் கம்பளத்துலதான் படும், மண்ணுல படாது… ஆமா, என் கம்பளந்தான். அழுக்கானா துவைச்சுக்கலாம். அவளுக்குத் தண்ணி குடு, சூடாத் தேத்தண்ணி இருந்தா அதையும் குடு… அஷிர்? கேக்குதா?… அலோ? விட்டு விட்டுக் கேக்குது… நிறுத்திட்டியா? அலோ!… போன லாலேகிட்ட குடு. அவ சொன்னாத்தான் நம்புவேன்… லாலே? நின்னுடுச்சாம்மா?…"

வேலியோரம் மூச்சுகூட விடாமல் நின்றாள். அந்தப் பக்கம் டக்கு டக்கு இல்லை. காற்று மட்டும் இரைந்தது. பிறகு, ரொம்பத் தெளிவாக, ஒரே ஒரு தட்டு.

"என் கண்ணே! சரி, இப்ப கம்பளத்துல…"

லைன் அறுந்துவிட்டது.

அரிசி கொஞ்சம் குழைந்துதான் போனது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். வெயில் சாய்கிற நேரத்தில் தூசி கிளம்பியது. வெள்ளைக் கார் முன்னால் ஊர்ந்து வந்தது, மொட்டை முகத்தோடு, அலங்காரம் எதுவும் இல்லாமல். எஞ்சின் முனகியது, ஆனால் தாளம் போடவில்லை. வாசலில் ஐனபாத் கம்பளத்தை வாங்கி விரித்தாள். அதன் நடுவே, வழியில் எண்ணெய் சிந்தியதில், உள்ளங்கையளவுக்குக் கறுப்பாக ஒரு கறை. அதன் மேல் கால் வைத்துத்தான் லாலே வீட்டுக்குள் வந்தாள். அந்தக் கறையை அவர்கள் போக்கப் பார்த்தார்கள், போகவில்லை. பிறகு விட்டுவிட்டார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இலையுதிர் காலம் வந்தது. லாலே இன்னும் முறைப்படி பேசாத மருமகள், தலைத்துணி பல்லில்தான். ஒரு சாயங்காலம் அஷிர் அண்ணி வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்தான். "எண்ணெய் மாத்துனியா, தம்பி?" என்று கேட்டாள் ஐனபாத். "போன வாரமே மாத்திட்டேன், அண்ணி, ரொட்டி மேல சத்தியம்" என்றான் அவன், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

தேநீர்த் தட்டோடு நின்ற லாலே காலையில் அந்தக் காரில்தான் சந்தைக்குப் போய் வந்திருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. தட்டின் விளிம்பில் விரலால் தட்டினாள். ரெண்டு தட்டு.

ஐனபாத் சிரித்த சிரிப்பு கால்வாய்க்கு அந்தப் பக்கம் கேட்டது. அஷிர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான், எண்ணெய் வாங்கத்தான்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு வண்டி வழியில் நிற்காமல் போய்ச் சேரட்டும். நின்றாலும், நிழலும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் வாசல் மிதிக்கிற பெண்கள் மேல் ஒரு பழிச்சொல்லும் ஒட்டாமல், அவர்கள் விரல் தட்டினாலும் காது கொடுத்துக் கேட்கிற மனுஷர்களால் உங்கள் வீடு நிறையட்டும்.