வேலிக்கு அக்கட்டத் தக்காளி

அதுக்கென்னங்க, எங்க வெள்ளாமைக் காட்ட விக்கறதா வேண்டாமான்னு அப்பறம் பேசலாம், மொதல்ல மோரக் குடிங்க. வேலிக்கு அக்கட்ட, உங்க மொதலாளி தோட்டத்துல இருந்து நடந்து வந்ததுக்கே மொகமெல்லாம் செவந்து கெடக்குது. சூப்பர்வைசரு வேலைக்குப் போன மாசந்தான வந்தீங்க? சொந்த ஊரு கணபதிங்களா? அதான பாத்தேன். டவுனுக்காரங்களுக்குத் தாராபுரத்து வெயிலு ஆகாதுங்க.

எங்கூட்டுக்காரருங்களா? கெணத்துக்கிட்ட இருக்கறாரு. அவருகிட்டப் பேசுனாலும் ஒண்ணுதா, என்றகிட்டப் பேசுனாலும் ஒண்ணுதா. என்ன, அவரு கோவமாச் சொல்லுவாரு, நா சிரிச்சுட்டுச் சொல்லுவேன்.

உங்க மொதலாளி நெம்பக் கெட்டிக்காரருங்க தம்பி. போன வருசம் தக்காளி வெல விழுந்துச்சு பாருங்க, பறிக்கற கூலிக்கே கட்டலைன்னு நாங்க ஆட்ட உட்டு மேய்ச்சோம். உங்க லாரி மட்டும் தெனமும் ரொம்பிப் போச்சு. சந்தையில கேட்ட வெலைக்குத் தள்ளிப்போட்டு வந்தாங்க. அப்பறம் எங்க தக்காளிய ஆருங்க சீந்துவாங்க? பழனாத்தா, அந்த மனுசனுக்கு ஏதோ வித்தை தெரியுதுன்னு என்றகிட்டச் சொல்லிட்டு எங்கூட்டுக்காரரு தலையில கைய வெச்சுட்டு உக்காந்துட்டாரு. வித்தையாவது ஒண்ணாவது. உங்க மொதலாளி மில்லுல வர்ற காசுக்கு வரி கட்டோணும், தக்காளிக் காசு வெவசாயக் காசு, அதுக்கு வரி இல்லை. அப்ப மில்லுக் காசையெல்லாம் தக்காளிச் செடியில காச்ச மாதிரிக் காட்டிக்கறதுதானுங்க? அவருக்குத் தோட்டம்னு ஒண்ணு இருந்தாப் போதும், வெல எதுக்கு?

அட, ஏனுங்க இப்படி முழிக்கறீங்க? நா என்ன ஆப்பீசருகிட்டயா சொல்றேன், உங்ககிட்டத்தான சொல்றேன். இன்னுங் கொஞ்சம் மோரு ஊத்தட்டுங்களா?

எங்களுக்கு இந்த ரெண்டு ஏக்கராதானுங்க. இதுவும் போச்சுன்னா நாங்க ஆருங்க? கெணத்து மோட்டாரு பொகஞ்சு நின்னப்ப எனக்குச் சோறே எறங்கலீங்க. செடி பூவும் பிஞ்சுமா நிக்குது, பாச்சறதுக்குத் தண்ணி இல்லை. அது தெரிஞ்சுதான உங்க மொதலாளி உங்கள அனுப்பிச்சாரு? மோட்டாரு ஓடலைன்னா காட்டக் குடுத்துப்போடுவாங்கன்னு?

சித்தக் காதக் குடுங்க. சத்தங் கேக்குதுங்களா? ஆமாங்க, மோட்டாரு ஓடுது. கருகுன கம்பியக் கழட்டிப்போட்டுப் புதுசாக் காயில் கட்டியாச்சு.

காசா? உங்க மொதலாளி குடுத்ததுதானுங்க. நெசமாத்தான். அவரு கையால குடுக்கலை, நீங்கதா குடுத்தீங்க, சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை. சீலைக்கு மேல சட்டையப் போட்டு, தலையில துண்டக் கட்டிட்டு, உங்க தோட்டத்துல தக்காளி பறிக்கற பொம்பளைங்கள்ல கடைசியா நிக்கறது நாந்தானுங்க. கூலி குடுக்கறப்ப நீங்கதா ஆரு மொகத்தையும் பாக்கறதில்லையே. பக்கத்துத் தோட்டக்காரி அங்க வந்து கூலிக்கு நிக்கறமேன்னு மொத நாளு அழுகையா வந்துச்சு. அப்பறம் நெனச்சேன், நட்டமானாலும் சிரிக்கற மனுசன்கிட்ட வாங்கறதுக்கு எதுக்குங்க கூச்சம்?

காடு குடுக்கறாப்பல இல்லைன்னு உங்க மொதலாளிகிட்டச் சொல்லிப்போடுங்க. நாளைக்குக் காலையில பறிக்க வாரேனுங்க தம்பி. கூடைய மட்டும் நல்லதாப் பாத்துக் குடுங்க, போன வாரம் குடுத்ததுல அடி பிஞ்சு கெடந்துச்சு.