நுரைக்கிற போத்தல்

இல்லையக்கா, பயப்பிடாதேங்கோ. குடிக்கிறதுக்கு வாங்கினதில்லை. அமோனியா. மீன் தொட்டிக்கு. மணக்குதோ? மூடி இறுக்கித்தான் கிடக்கு, வேணுமெண்டா யன்னல் பக்கம் வைக்கிறன். நீங்கள் கிளிநொச்சி மட்டும் போறீங்களோ? அப்ப ஆறுதலா இருங்கோ, நான் இடையில இறங்கிடுவன்.

ஓம், எல்லாரும் அதைத்தான் கேக்கினம், இதை ஊத்தினா மீன் சாகாதோ எண்டு. செத்துத்தான் போகும். அதாலதான் தொட்டியில மீன் இல்லை. அஞ்சு மாதமா வெறுந் தண்ணி. வீட்டுக்கு வாறவை எட்டிப் பாத்திட்டு, மீன் எங்க பிள்ளை ஒளிச்சு நிக்குதோ எண்டுவினம்.

என்னெண்டா, புதுத் தொட்டியில உடன மீனை விட்டா அதுகள் கழிக்கிறதே அதுகளுக்கு நஞ்சாப் போயிடும். அந்த நஞ்சும் அமோனியாதான். அதைத் தின்னுற நல்ல கிருமி முதல்ல பில்டர் பஞ்சில வளரோணும். மீனை விட்டுச் சாகக் குடுக்காம, நாங்களே கொஞ்சங் கொஞ்சமா அமோனியா விட்டு வளக்கிறது. ஆறு கிழமை செல்லும். ஒவ்வொரு நாளும் கண்ணாடிக் குழாயில தண்ணி எடுத்து, மருந்துத் துளி விட்டு நிறம் பாக்கோணும். பச்சை எண்டா நஞ்சு கிடக்கு. மஞ்சளுக்கு வந்தா சரி.

எனக்கெங்க தெரியும் உதெல்லாம். இவர்தான் போனில சொல்லித் தந்தவர். சுகிர்தன், என்ர அவர். சுவிசில. அங்கயும் பெரிய தொட்டி வைச்சிருக்கிறார். இஞ்ச தாய்க்குப் பராக்கா இருக்கட்டும் எண்டு ஆளைப் பிடிச்சு ஹோலில ஒண்டு பூட்டுவிச்சார், கமராவுக்கு நேர கீழ. ஓம், கமரா இருக்கு. கேற்றடியில ஒண்டு, ஹோலில ஒண்டு. குசினிக்கு இல்லை. அங்கயிருந்தே போனில பாப்பார். நான் கதிரையில இருந்து நித்திரை கொண்டாலும் உடன மாமியின்ர போன் அடிக்கும்.

கெட்டவர் எண்டு சொல்லமாட்டன். கை நீட்டினதில்லை. நீட்டுறதுக்கு இஞ்ச இருந்ததும் இல்லை, கலியாணம் கட்டின மாதமே திரும்பிப் போட்டார். நான் மாமியோட. மாங்குளத்துக்கு உள்ள, வாய்க்கால் கரையில வீடு. கேற்றைத் தாண்டுறதெண்டா மாமியோட கோயிலுக்கு, மாமியோட கடைக்கு. நான் சுவிசுக்குப் போற பயணம் சரிவருமட்டும் கண்டபடி திரியக் கூடாது, ஆக்களோட கதைக்கக் கூடாது. பேப்பர் வேலையைக் குழப்பிப் போடுமாம்.

அதுக்குள்ளதான் இந்த அமோனியா வந்தது. மாங்குளத்தில இல்லை, வவுனியாவிலதான். மாமிக்கு முழங்கால் வருத்தம், பஸ் ஏற மாட்டா. நீயே போட்டு வா எண்டார் இவர். முதல் தரம் தெரியாம எலுமிச்சம்பழ மணம் போட்டதை வாங்கிக் கொண்டு போட்டன். நிலம் துடைக்கிறது அது. ஊத்தின உடன தொட்டி முழுக்க நுரை. கமராவில கண்டிட்டார். கடைக்காரரைத்தான் பேசினார், என்னையில்லை. அவ்வளவு தண்ணியையும் இறைச்சு, கல்லெல்லாம் கழுவி, திரும்பத் தொடங்கு எண்டார். நல்லது எப்பிடித் தெரியிறதெண்டும் சொல்லித் தந்தார். நிறம் இருக்கக் கூடாது, வாசனை போட்டிருக்கக் கூடாது. அமோனியாவும் தண்ணியும் மட்டும்தான். போத்தலை நல்லாக் குலுக்கிப் பாக்கோணும். நுரை உடன அடங்கினா நல்லது. நுரைச்சுக்கொண்டே நிண்டா சவர்க்காரம் கலந்திருக்கு. ஆரையும் அனுப்பி எடுப்பியாத, நீயே நிண்டு குலுக்கிப் பாத்து வாங்கு எண்டார்.

அவர் தன்ர வாயாலயே சொன்னது, நீயே போ எண்டு.

அந்த ரெண்டாந்தரம் வரேக்கதான், வழியில ஒரு இடத்தில இறங்கினன். ஒரு மணித்தியாலம் நிண்டிட்டு அடுத்த பஸ்ஸில போனன். பஸ் பழுதெண்டு மாமிக்குச் சொன்னன். நம்பிட்டா.

அண்டைக்கு நல்ல அமோனியாதான் கொண்டுபோனன். நாள் தவறாம விட்டன். அஞ்சாம் கிழமை பாக்கிறன், நிறம் மஞ்சளுக்கு வருது. இவருக்குச் சரியான சந்தோசம். ரெண்டு நாள் பொறு, மீனைப் பெட்டியில போட்டு வீட்டுக்கே அனுப்புவிக்கிறன், சாப்பாடும் அதோட வரும், நீ இனி அலையத் தேவையில்லை எண்டார். நான் தலையாட்டினன். பேந்து அவர் வேலைக்குப் போற நேரம் பாத்து, பில்டர் பஞ்சைக் கழட்டிக்கொண்டு குசினிக்குள்ள போய், கேத்தில் தண்ணியைக் கொதிக்கக் கொதிக்க அதில ஊத்தினன். பிழிஞ்சு திரும்பப் பூட்டினன். கிருமி எல்லாம் செத்துப்போட்டுது. நாலாம் நாள் குழாய் திரும்பவும் கடும் பச்சை.

அவர் அங்க ராவு ராவா வாசிக்கிறார், ஏனெண்டு விளங்கேல்லையாம். எனக்குப் பாவமாத்தான் இருந்தது. ஆனா அடுத்த புதன் திரும்பப் போத்தல் வாங்கப் போகேலுமெண்டு இருந்தது. பிறகு ஒருக்கா போத்தல் கைதவறிக் கொட்டுப்பட்டிட்டுது எண்டன். ஒருக்கா, திறந்து வைச்சு வீரியம் போட்டுது எண்டன்.

தாண்டிக்குளம் எப்பவோ போட்டுதே? கதையில கவனிக்கேல்லை.

இதோ? இது நுரைக்கிறதுதான். கடைக்காரர் எனக்கெண்டு நல்லதை எடுத்து வைச்சவர். அது வேண்டாம், நுரைக்கிறதைத் தாங்கோ எண்டன். ஒரு மாதிரிப் பாத்தார். கட்டித் தந்தார். என்னெண்டா அக்கா, திங்கட்கிழமை பேப்பர் வந்திட்டுது. அடுத்த மாதம் கடைசியில பயணம். போக முந்தி மீன் விட்டுப்போட்டுப் போ எண்டு நிக்கிறார். நல்லதைக் கொண்டுபோனா பிறகு வவுனியாவுக்கு வர எனக்கு அலுவல் இல்லை. இதை ஊத்தினா நுரைக்கும், திரும்ப எல்லாம் முதல்ல இருந்து. எப்பிடியும் இன்னும் மூண்டு புதன் கிடைக்கும்.

மாட்டன் எண்டு சொல்லலாந்தான். சொல்லிப்போட்டு எங்க போய் இருக்கிறது? என்ர அம்மா கூலிக்குக் கச்சான் பிடுங்கப் போறா. அவா ரெண்டு வயிறு பாக்கிறதே பெரிய காரியம்.

ஓமந்தை வருகுது. இஞ்சதான் இறங்குறன். ஓம், ரிக்கற் மாங்குளத்துக்குத்தான். மாமி ரிக்கற்றை வாங்கிப் பாப்பா.

மகளைப் பாக்க. தேனுகா. ரெண்டாம் வகுப்பு, இப்ப பள்ளிக்கூடம் விடுற நேரம். ஓமக்கா, எனக்கு இது ரெண்டாம் கலியாணம். முதல் அவர் மகளுக்கு ஒரு வயசாகேக்க மோட்டச்சைக்கிளில அடிபட்டுச் செத்தவர். இவருக்கும் மாமிக்கும் தெரிஞ்சுதான் கட்டினவை. ஊருக்குச் சொல்லேல்லை. பேப்பர் வேலை கெதியா முடியும் எண்டு விசாப் பாரத்தில பிள்ளையள் இல்லையெண்டு நிரப்பினவை, நான்தான் கையெழுத்து வைச்சன். நீ முதல்ல வா, பிறகு அவளைக் கூப்பிடலாம் எண்டார். இல்லையெண்டு எழுதின பிள்ளையைப் பிறகு கூப்பிடுறது லேசில்லையாம். அதைப் பேந்துதான் ஒராள் சொன்னது. போனில அவளின்ர ஒரு படங்கூட வைச்சிருக்கேலாது.

அந்தப் பையை ஒருக்கா எடுத்துத் தாங்கோ.

அந்தா, மதிலோட நிக்கிறாள், ரெட்டைப் பின்னல். அம்மம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு. சித்தி எண்டுதான் கூப்பிடுவாள். ஆரும் விசாரிச்சா எண்டு நாங்கள்தான் பழக்கினது. முந்தி மறந்துபோய் அம்மா எண்டு கத்திக்கொண்டு ஓடி வருவாள், நான் திருத்துவன். இப்ப ஒரு மாதமா திருத்தத் தேவை வரேல்லை.