வலப்பக்கம்

— கட்டிலையே மாத்திட்டோம் டாக்டரம்மா. புதுக் கட்டிலுக்கும் வந்துட்டாரு.

— யாரும்மா?

— என் வீட்டுக்காரர்தான். போய்ச் சேர்ந்துட்டாரே, அவரேதான். வலப்பக்கம் அவர் படுக்குற பக்கம். அந்தப் பக்கம் திரும்பினேனோ போச்சு, கட்டிலோட சேத்து ரூமையே சுத்திவிடுறாரு.

— கொஞ்ச நேரத்துல நின்னுடுதா?

— நின்னுடும். அப்புறம் வாந்தி. அதான் நாற்காலியிலயே உக்காந்து தூங்குறேன். தூக்கமா அது? கழுத்து மரமாப் போச்சு. தையல் மெஷின்ல ஊசி கோக்கக் குனிஞ்சாலும் கிறுகிறுங்குது.

— வெளியில உக்காந்திருக்காங்களே உங்க பொண்ணு, அவங்க என்ன சொல்றாங்க?

— அவளா? "உன்னால அப்பாவை மறக்க முடியலம்மா"ன்னு என்னைக் கட்டிக்கிட்டு அழுவுறா.

— இது அவர் வேலை இல்லம்மா. உங்க காதோட வேலை. உள்காதுல பொடிப்பொடியா கல்லு இருக்கும், சரியா? அது இடம் மாறிப் பக்கத்துக் குழாய்க்குள்ள போயிடுச்சு. நீங்க படுத்தா அது நகருது. உலகமே சுத்துதுன்னு மூளை ஏமாந்துடுது.

— கிட்னியில கல்லு கேள்விப்பட்டிருக்கேன். காதுலயுமா?

— காதுலயும்தான். தலையைத் திருப்பித் திருப்பியே அதை வந்த வழிக்கு அனுப்பிடலாம், சரியா? படுங்க. நான் தலையைப் பிடிச்சுக்குறேன்.

— ஐயோ, பிடிக்காதீங்க! நானே திருப்பிக்கிறேன்.

— சும்மா தாங்கிக்கத்தாம்மா. வலப்பக்கம்... அப்படியே பின்னால சாயுங்க. கண்ணை மூடாதீங்க.

— வந்துட்டாரு! டாக்டரம்மா, வந்துட்டாரு!

— அவர் இல்ல. உங்க கண்ணு ஆடுறது எனக்கே தெரியுது. இருங்க, இருங்க... நின்னுடுச்சா? இப்போ மெல்ல இடப்பக்கம். அப்படியே ஒருக்களிச்சுத் தரையைப் பாருங்க. ம்... எழுந்து உக்காருங்க.

— அவ்வளவுதானா?

— கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்குங்க... சரி, இப்போ திரும்ப வலப்பக்கம் படுத்துப் பாருங்க.

— ...சுத்தலையே. ஃபேன் வச்ச இடத்துல அப்படியே நிக்குது.

— பாத்தீங்களா?

— அப்போ இனிமே அவர் வரவே மாட்டாரா?

— மாட்டாரும்மா. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். இத்தனை வருஷம் கூட இருந்தவரு. அழணும்னா அழுதுடுங்க.

— அழ வரலம்மா. நிச்சயமா வரமாட்டாரு இல்ல?

— கல்லு வேணா திரும்ப நகரலாம், சரியா? நகர்ந்தா இதே வைத்தியம்தான். தலையில அடி பட்டாக்கூட நகரும், அதுக்குத்தான் கேக்குறேன். சமீபத்துல எங்கயாவது தலையில அடி பட்டுச்சா?

— அவர் போனதுக்கு அப்புறம் ஒரு தடவைகூட இல்லம்மா.